கழுத்தை மாற்றினால் குரல் மாறுமா?

டெனர் சாக்ஸபோனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலை, அதற்குக் கழுத்தைப் பொருத்துவது. அன்னத்தின் கழுத்துபோல வளைந்த, ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள பித்தளைக் குழாய் அது. வாசிப்பவர்கள் ‘நெக்’ என்பார்கள். ஒரு முனையில் தக்கை சுற்றியிருக்கும். அதன்மேல் மவுத்பீஸ் ஏறும். மறுமுனை உடலின் வாய்க்குள் இறங்கும். ஒரு சிறு திருகு அதை இறுக்கிப் பிடிக்கும். உடலெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள், சாவிகள், கம்பிகள். கழுத்திலோ முதுகில் ஒரே ஒரு சிறு துளை, அதற்கு ஒரு மூடி.

இந்தச் சிறு குழாய்க்குத் தனிச் சந்தையே இருக்கிறது. பித்தளை, வெண்கலம், செம்பு, வெள்ளி, தங்க முலாம் என்று பல உலோகங்களில் மாற்றுக் கழுத்துகள் விற்பனைக்கு வருகின்றன. விலை உயர்ந்த ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் மாணவர்களுக்கான முழு சாக்ஸபோனே வாங்கிவிடலாம். வாங்கியவர்களைக் கேட்டால் ஒருவர் “குரல் திறந்துகொண்டது” என்பார். இன்னொருவர் “மேல் ஸ்வரங்கள் எல்லாம் கெட்டுவிட்டன” என்பார். சில சமயம் இருவர் வாங்கியதும் ஒரே கழுத்தாக இருக்கும்.

இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். எப்படி என்று பார்க்க, முதலில் ஒரு கடலைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நுனி இல்லாத கூம்பு

பெல்ஜியத்தின் தினாந் ஊரில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ், 1846-இல் பாரிஸில் தன் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கிளாரினெட்டில் இருப்பது போன்ற ஒற்றை நாணல் பட்டையை அவர் எடுத்துக்கொண்டார். குழாயை மட்டும் மாற்றினார். கிளாரினெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலம். சாக்ஸபோனின் குழாய் மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும் கூம்பு. நம் நாதஸ்வரமும் இந்தக் கூம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கூம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதற்குள் இருக்கும் காற்று அடிப்படை அதிர்வில் ஆடும். அதன் இரண்டு மடங்கில், மூன்று மடங்கில், நான்கு மடங்கிலும் ஒழுங்காக ஆடும். அதனால்தான் சாக்ஸபோனில் விரல்களை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, ஆக்டேவ் சாவியை மட்டும் அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கிறது.

ஆனால் இந்தக் குணம் முழுக் கூம்புக்கு, அதாவது கூரான நுனிவரை போகும் கூம்புக்கு மட்டுமே சொந்தம். ஊசிமுனை போன்ற நுனியில் வாய் வைத்து ஊத முடியாது. ஆகவே கடலைப் பொட்டலத்தின் அடிநுனியைக் கிள்ளி எறிவதுபோல, கூம்பின் நுனியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மவுத்பீஸை வைக்கிறோம். வெட்டிய நுனி இன்னும் அங்கேயே இருப்பதாகக் காற்றை நம்ப வைக்க வேண்டும். அதற்கான முதல் நிபந்தனையை அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் பெனாட் தெளிவாக விளக்கினார்: மவுத்பீஸுக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு, காணாமல் போன நுனியின் கொள்ளளவுக்குச் சமமாக இருக்க வேண்டும்.

டெனரில் அது எவ்வளவு? கழுத்தின் மேல்வாய் சுமார் 12.5 மில்லிமீட்டர் அகலம். கூம்பின் சரிவை வைத்துக் கணக்கிட்டால், கற்பனை நுனி அங்கிருந்து ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அந்த ஒல்லியான நுனிக்குள் கொள்வது சுமார் 10 மில்லிலிட்டர் காற்று. இரண்டு டீஸ்பூன். ஒன்றரை மீட்டர் நீளக் கருவியின் சுருதி இந்த இரண்டு டீஸ்பூன் காற்றை நம்பி நிற்கிறது.

இப்போது அதே சரிவில், மேல்வாய் மட்டும் அரை மில்லிமீட்டர் அகலமான வேறொரு கழுத்தை மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் கூடியது 4 சதவீதம்தான். ஆனால் கொள்ளளவு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்வதால், காணாமல் போன நுனி 12 சதவீதத்துக்கு மேல் பெரிதாகிவிடும். அதை ஈடுகட்ட, மவுத்பீஸைத் தக்கையின்மேல் சுமார் 6 மில்லிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர், தக்கையில் ஒரு விரல் நகத்தின் பாதி அகலமாக வெளியே தெரிகிறது.

ஒரே கழுத்து ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்குச் சாபமாகவும் ஆவதன் முதல் காரணம் இங்கே கிடைக்கிறது. உள்ளறை பெரிதான மவுத்பீஸ் வைத்திருப்பவருக்கு அந்தக் கழுத்து பொருந்திவிடும். குறுகிய உள்ளறை கொண்ட மவுத்பீஸ்காரர் தக்கையின் விளிம்புவரை இழுத்தும் போதாமல் திண்டாடுவார். கழுத்து மட்டும் தனியாக நல்லதோ கெட்டதோ இல்லை. மவுத்பீஸோடு சேர்த்துத்தான் அதற்கு மதிப்பெண்.

“இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்” என்ற மாயை

புதுக் கழுத்தை மாட்டி, ட்யூனரைப் பார்த்தபடி ஒரு ஸ்வரத்தை ஊதுகிறோம். முள் வலப்பக்கம் போகிறது. சுருதி ஏறியிருக்கிறது என்று மவுத்பீஸைச் சற்று வெளியே இழுக்கிறோம். முள் நடுவில் நிற்கிறது. வேலை முடிந்ததா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுருதியின் நுண்ணிய அளவு செண்ட். அரை ஸ்வர இடைவெளிக்கு 100 செண்ட். டெனரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 104 ஹெர்ட்ஸ். அதற்குத் தேவையான கூம்பின் நீளம், கற்பனை நுனியையும் சேர்த்து, ஏறக்குறைய 165 சென்டிமீட்டர். எல்லா விரல்களையும் எடுத்துவிட்டு ஊதும் நடு சி ஷார்ப் சுமார் 247 ஹெர்ட்ஸ். அதற்குச் சுமார் 69 சென்டிமீட்டர் போதும். மேலே ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட்டினால் நீளமான குழாய்க்கு அது ஆயிரத்து அறுநூற்றில் ஒரு பங்கு. சுருதி ஒரு செண்ட் இறங்கும். குட்டைக் குழாய்க்கு அது எழுநூற்றில் ஒரு பங்கு; இரண்டரை செண்ட் இறங்கும். இது நீளத்தை மட்டும் வைத்துப் போட்ட எளிய கணக்கு. கூம்பின் ஒல்லியான நுனியருகே கூடும் கொள்ளளவையும் சேர்த்தால் ஏற்றத்தாழ்வு இதைவிட அதிகம்.

அதாவது மவுத்பீஸை இழுக்கும்போது எல்லா ஸ்வரங்களும் கைகோத்து இறங்குவதில்லை. விரல்கள் எடுக்க எடுக்க, மேலே போகப் போக, அதிகமாக இறங்குகின்றன. ஒரு ஸ்வரத்தைச் சரிசெய்த அதே இழுப்பு இன்னொன்றைக் கெடுக்கிறது.

இந்தப் பாடத்தைப் பழைய அமெரிக்கக் கருவிகளை வாங்கியவர்கள் பணம் கொடுத்துப் படித்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரண்டு சுருதிகள் புழங்கின. ஒன்று, இன்றுள்ளதுபோல ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். மற்றது ‘உயர் சுருதி’. அதே ஏ ஸ்வரம் 457 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையே சுமார் 66 செண்ட், அரை ஸ்வரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உயர் சுருதிக் கருவி ஒன்று மலிவாகக் கிடைத்தால், “நீளமான கழுத்து ஒன்றைச் செய்து மாட்டினால் போதாதா?” என்ற ஆசை வருவது இயல்பு.

மாட்டிப் பார்ப்போம். அந்தக் கருவியின் சி ஷார்ப்பை இன்றைய சுருதிக்கு இறக்க 26 மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். கூட்டியாயிற்று, சி ஷார்ப் சரி. இப்போது அடி ஸ்வரத்தை ஊதினால், அதே 26 மில்லிமீட்டருக்கு அது இறங்கியது வெறும் 28 செண்ட். இன்னும் 38 செண்ட் ஏறியே நிற்கிறது. அதற்குத் தேவைப்பட்டது 62 மில்லிமீட்டர். உடலில் துளைகள் துளைத்த இடங்கள் பழைய சுருதிக்கானவை. கழுத்து எவ்வளவு நீண்டாலும் அந்தத் துளைகளை நகர்த்தாது.

கழுத்தால் மொத்தச் சுருதியை ஏற்றி இறக்க முடியும். ஆனால் அதற்காக யாரும் புதுக் கழுத்து வாங்கத் தேவையில்லை. அதை மவுத்பீஸே செய்யும். கழுத்தின் உண்மையான அதிகாரம், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் உள்ள இடைவெளியின் மேல். முக்கியமாக, கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் உள்ள உறவின் மேல்.

கழுத்தின் நடுவே ஒரு அமைதிப் புள்ளி

ஒலிக்கும் குழாய்க்குள் காற்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. சில இடங்களில் அழுத்தம் பலமாக ஏறி இறங்கும். காற்று அதிகம் நகராது. வேறு சில இடங்களில் காற்று முன்னும் பின்னும் வேகமாக ஓடும். அழுத்தம் அமைதியாக இருக்கும். குழாயின் அகலத்தை எங்கே மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும். அழுத்தம் பலமான இடத்தில் அகலப்படுத்தினால் சுருதி இறங்கும். காற்றோட்டம் பலமான இடத்தில் அகலப்படுத்தினால் சுருதி ஏறும்.

மீண்டும் அந்த சி ஷார்ப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை ஒலியில் கழுத்து முழுவதும் அழுத்தம் ஓங்கிய பகுதி. ஆக்டேவ் சாவியை அழுத்தி அதே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியில் ஊதும்போது, நுனியிலிருந்து நீளத்தின் சரிபாதியில், அதாவது சுமார் 35 சென்டிமீட்டரில், அழுத்தம் அடங்கிய புள்ளி ஒன்று உருவாகிறது. கழுத்து தொடங்குவது நுனியிலிருந்து 23 சென்டிமீட்டர் தள்ளி. முடிவது சுமார் 45-இல். அந்த அமைதிப் புள்ளி விழும் இடம் ஏறக்குறைய கழுத்தின் நட்டநடு.

ஒரு கழுத்து நடுவில் சற்றே பருத்திருந்தால் என்ன ஆகும்? கீழ் சி ஷார்ப்புக்கு அது அழுத்தப் பகுதி. சுருதி சற்று இறங்கும். மேல் சி ஷார்ப்புக்கு அதுவே காற்றோட்டப் பகுதி, சுருதி ஏறும். ஒரே பருமன், இரண்டு எதிர் விளைவுகள், ஆக்டேவ் அகன்றுவிட்டது. நடுவில் ஒடுங்கிய கழுத்து ஆக்டேவைச் சுருக்கும். மவுத்பீஸின் கொள்ளளவு தவறினாலும் இதே வகைக் கோளாறு வரும். காற்று கூடிப்போனால் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இறங்கும். குறைந்துபோனால் அதே விகிதத்தில் ஏறும்.

கழுத்தை வளைக்கும்போது குழாய் லேசாக நசுங்கி, அதன் குறுக்குவெட்டு நீள்வட்டமாகும் ஆபத்து எப்போதும் உண்டு. வாசிப்பவர் வருடக்கணக்கில் மவுத்பீஸைக் கீழ்நோக்கி அழுத்தி அழுத்தியே கழுத்தைத் தாழ வளைத்துவிடுவதும் உண்டு. பழுதுபார்ப்பவர்கள் கழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து வளைவின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான். வட்டம் குலைந்த இடத்தில் எஃகுக் குண்டுகளை உள்ளே செலுத்தி மீண்டும் வட்டமாக்குவார்கள். ‘புதுக் கழுத்து போட்டதும் கருவியே மாறிவிட்டது’ என்று சொல்பவர்களில் சிலர், உண்மையில் நசுங்கிய கழுத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள்.

பத்து ஸ்வரங்களுக்கு ஒரு துளை

கழுத்தின் முதுகில் இருக்கும் அந்தச் சிறு துளைக்கு வருவோம். மேல் ஸ்தாயிக்குத் தாவ, அழுத்தம் அடங்கிய புள்ளியில் ஒரு சிறு கசிவு ஏற்படுத்த வேண்டும். அடிப்படை ஒலி அந்தக் கசிவால் தளர்ந்துபோகும். இரண்டாம் ஒலி பாதிக்கப்படாமல் மேலெழும். ஆனால் அமைதிப் புள்ளி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வோர் இடத்தில். எல்லாவற்றுக்கும் தனித்தனித் துளை வைத்தால் வாசிக்க நமக்கு விரல்கள் போதாது. ஆகவே டெனரில் இரண்டே துளைகள்: டி முதல் ஜி ஷார்ப் வரை ஏழு ஸ்வரங்களுக்கு உடலில் ஒன்று, ஏ முதல் உச்ச எஃப் ஷார்ப் வரை பத்து ஸ்வரங்களுக்குக் கழுத்தில் ஒன்று.

ஏ ஸ்வரத்தின் அமைதிப் புள்ளி நுனியிலிருந்து சுமார் 44 சென்டிமீட்டரில் விழுகிறது, கழுத்தின் அடிமுனையருகே. உச்ச எஃப்பின் புள்ளியோ சுமார் 28-இல், மவுத்பீஸுக்குச் சற்றுக் கீழே. இடையிலுள்ள ஸ்வரங்களின் புள்ளிகள் கழுத்து நெடுகப் பரவிக் கிடக்கின்றன. செய்பவர் எங்கோ ஓரிடத்தில் துளைத்தாக வேண்டும். எங்கே துளைத்தாலும் சில ஸ்வரங்களுக்குத் தொலைவு. தொலைவான ஸ்வரம் சற்று ஏறி ஒலிக்கும், அல்லது காற்றிரைச்சலோடு வரும். டெனர் வாசிப்பவர்கள் நன்கறிந்த மேல் ஏ ஸ்வரத்தின் ‘உஸ்’ ஓசைக்கு மூலம் இந்தச் சமரசம்தான்.

மாற்றுக் கழுத்தில் துளை சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலோ, துளையின் சிறு குழாய் அகலமாகவோ நீளமாகவோ இருந்தாலோ, சமரசத்தின் பாரம் வேறு ஸ்வரங்களின் தலையில் இறங்கும். ஏ தெளியும், உச்ச ஸ்வரங்கள் முரண்டு பிடிக்கும். அல்லது நேர்மாறாக. கருவியைச் செய்தவர் அதன் உடலுக்கென்று ஒரு கழுத்தைச் செய்திருக்கிறார். வேறொருவர் எல்லா உடல்களுக்கும் பொதுவாகச் செய்த கழுத்து இதில் எல்லா வகையிலும் மேலாக அமைவது அரிது. 1954-இல் வந்த செல்மர் மார்க் சிக்ஸ் டெனரைத் தேடி அலைபவர்கள், அதே காலத்து, அதே வகைக் கழுத்தையும் தேடுவது வெறும் பழம்பொருள் மோகமில்லை.

தங்கமா, வடிவமா?

சரி, சுருதியை விடுங்கள், குரல்? வெள்ளிக் கழுத்து இருண்ட நாதம் தரும், செம்பு இதம் தரும் என்றெல்லாம் விளம்பரங்கள் சொல்கின்றனவே?

ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1971-இல் வெளியிட்ட சோதனையை இங்கே நினைவுகூர வேண்டும். உள்ளளவு ஒரே மாதிரியான மூன்று புல்லாங்குழல்கள்: ஒன்று வெள்ளி, ஒன்று செம்பு, ஒன்று மரம். வாய் வைக்கும் பகுதி மூன்றிலும் ஒன்றே. எது எது என்று கண்ணுக்கோ கைக்கோ தெரியாதபடி ஏற்பாடு. கேட்டவர்களாலும் பிரித்தறிய முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை. ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. சுவர் விறைப்பாகவும் வழவழப்பாகவும் கசிவின்றியும் இருந்தால் போதும், அது எந்த உலோகம் என்று காற்று விசாரிப்பதில்லை.

சோதனை புல்லாங்குழலில் நடந்தது, சாக்ஸபோன் கழுத்தில் அல்ல என்று ஒருவர் வாதிடலாம். நியாயம்தான். ஆனால் வெள்ளிக் கழுத்தும் பித்தளைக் கழுத்தும் உலோகத்தில் மட்டும் வேறுபடுவது அபூர்வம். தகட்டின் கனம், வளைத்தபின் உட்புறம் எடுத்த வடிவம், மேல்வாயின் அகலம் எல்லாம் கூடவே சற்று மாறியிருக்கும். மும்மடிக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? வேறுபாடு காதில் விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அரை மில்லிமீட்டரை.

கழுத்தின் வடிவம் குரலை மாற்றவே செய்கிறது. அடிப்படை ஒலியும் அதன் இரண்டு, மூன்று மடங்கு ஒலிகளும் சரியான இடத்தில் அமைந்தால், அவை ஒன்றுக்கொன்று கைகொடுத்து நாணலின் அதிர்வை நிலைநிறுத்தும். ஸ்வரம் சட்டென்று பிறக்கும், கனமாக நிற்கும், மெல்ல ஊதினாலும் சிதறாது. வரிசை குலைந்தால் ஸ்வரம் தயங்கும், மங்கும். வாசிப்பவர் இதைத்தான் ‘திறந்த கழுத்து’, ‘அடைத்த கழுத்து’ என்கிறார். சுருதியும் நாதமும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இல்லை. ஒரே வடிவத்தின் இரண்டு முகங்கள்.

இன்னொரு குழப்பம் வாசிப்பவரின் தொண்டையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டியதுபோல, தேர்ந்த சாக்ஸபோன் கலைஞர்கள் மிக உயர்ந்த ஸ்வரங்களை எழுப்பத் தங்கள் வாய், தொண்டைக் குழியின் ஒத்ததிர்வையே அந்த ஸ்வரத்துக்கு இசைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு நுட்பமாகக் கருவிக்கு வளைந்துகொடுக்கப் பழகியவர், பத்து ஆண்டுகள் ஊதிய பழைய கழுத்தின் குறைகளையும் தன்னையறியாமல் உதட்டால் திருத்தியே பழகியிருப்பார். புதுக் கழுத்தில் அந்தக் குறை இல்லை. உதடு மட்டும் பழைய திருத்தத்தைத் தொடர்கிறது. ட்யூனர் புதுக் கழுத்தின்மேல் பழி போடுகிறது.

வாங்கும் முன்

ஆகவே கடையில் ஐந்து நிமிடம் ஊதிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த கழுத்தை, ஊதிச் சூடான கழுத்தோடு ஒப்பிடாதீர்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே சுருதி மூன்று செண்ட் நகரும். மவுத்பீஸும் கழுத்தும் மட்டுமாகச் சேர்த்து ஊதிப் பாருங்கள். டெனரில் அது 330 ஹெர்ட்ஸை, அதாவது பியானோவின் நடு சி-க்கு அடுத்துள்ள ஈ ஸ்வரத்தை, ஒட்டி ஒலிக்க வேண்டும். பிறகு ட்யூனரை நண்பர் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதன் ஆக்டேவோடு சேர்த்து ஊதுங்கள். அவர் எண்களை எழுதட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது முள் நடுவில் நிற்கிறதா என்பதை அல்ல. இரண்டு ஸ்தாயிகளும் ஒரே அளவு விலகுகின்றனவா என்பதை. ஒரே அளவு விலகினால் மவுத்பீஸை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஆக்டேவே அகன்றோ சுருங்கியோ இருந்து, மவுத்பீஸை நகர்த்தியும் தீரவில்லையென்றால் அந்தக் கழுத்து உங்கள் கருவிக்கு உரியதில்லை, தங்கமே பூசியிருந்தாலும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய கழுத்தைக் கழற்றி, அது உடலில் இறங்கும் பொருத்தில் காற்று கசிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அடி ஸ்வரங்கள் அடைத்துக்கொண்டு வருவதற்கும் குரல் மங்குவதற்கும் அந்த மெல்லிய இடைவெளியே போதும். பழுதுபார்ப்பவர் அதைச் சில நிமிடங்களில் விரித்துப் பொருத்திக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகும் குறை இருந்தால் புதுக் கழுத்தைப் பற்றி யோசியுங்கள்.